ஜன்னலோர ஆய்வகம்: கையிலுள்ள லென்ஸை அளந்தறிவது எப்படி

நடைபாதையில் வெள்ளெழுத்துக் கண்ணாடி விற்பவரிடம் கண் பரிசோதனைக் கருவி எதுவும் இருக்காது. பெட்டி நிறையக் கண்ணாடிகள் இருக்கும். ஒவ்வொரு லென்ஸிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர்: +1.00, +1.50, +2.00, +2.50. வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு செய்தித்தாளையோ கைபேசியையோ படித்துப் பார்க்கிறார். எழுத்து தெளிந்ததும் பேரம் தொடங்குகிறது. வீட்டுக்குப் போனதும் ஸ்டிக்கர் உரிந்து குப்பைக்குப் போகிறது. லென்ஸைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த ஸ்டிக்கரில்தான் இருந்தது.

+2.00 என்றால் இரண்டு டயாப்டர். ஒன்றை இரண்டால் வகுத்தால் அரை. தொலைவிலிருந்து வரும் ஒளியை இந்த லென்ஸ் தனக்குப் பின்னால் அரை மீட்டரில், அதாவது 50 செ.மீ. தள்ளி, ஒரு புள்ளியில் சேர்க்கும் என்பதே அந்த எண்ணின் பொருள். +1.00 ஒரு மீட்டரில் சேர்க்கும், +4.00 கால் மீட்டரில் சேர்க்கும். அந்தப் புள்ளி குவியம்; லென்ஸிலிருந்து அதுவரை உள்ள தூரம் குவியத்தூரம். 1872-இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினான் மோனுவாயே முன்வைத்த இந்த அலகில்தான் இன்றும் உலகம் முழுவதும் கண்ணாடிச் சீட்டு எழுதப்படுகிறது.

இந்த அத்தியாயத்துக்குத் தேவையானவை அதிகமில்லை: ஓர் அளவுநாடா, ஒரு வெள்ளைத் தாள், வெளிச்சமான ஜன்னல், பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று. இவற்றை வைத்தே லென்ஸின் பவரை அளக்கலாம். பிளஸா மைனஸா என்று சொல்லலாம். கடையில் எந்த பிரேம் மெல்லிய கண்ணாடிக்கு ஏற்றது என்று கணக்குப் போடலாம்.

ஒளி எங்கே திரும்புகிறது?

வெற்றிடத்தில் ஒளி நொடிக்குச் சுமார் 3 லட்சம் கி.மீ. பாய்கிறது, காற்றிலும் ஏறத்தாழ அதே வேகம்தான். சாதாரணக் கண்ணாடிக்குள் அது 2 லட்சமாகக் குறைகிறது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் கிடைக்கும் 1.5 கண்ணாடியின் ஒளிவிலகல் எண். தண்ணீருக்கு அது 1.33, வைரத்துக்கு 2.42.

வேகம் குறைந்துவிட்டால் மட்டும் ஒளி திரும்பிவிடாது. பரப்பின்மீது செங்குத்தாக விழும் கதிர் நேராகவே உள்ளே போகும். சாய்வாக விழும் கதிர் திசை மாறும். சாய்வு கூடினால் திருப்பமும் கூடும். எவ்வளவு கூடும் என்பதை பாக்தாதில் வாழ்ந்த இப்னு சஹ்ல் 984-ஆம் ஆண்டிலேயே, எரிக்கும் கண்ணாடிகள் பற்றிய தன் நூலில் வடிவியல் வழியாகக் காட்டியிருந்தார். 1621-இல் நெதர்லாந்தின் வில்லெப்ரார்ட் ஸ்னெல் அதே விதியைத் தனியாகக் கண்டறிந்தார். பாடப்புத்தகங்களில் நிலைத்தது ஸ்னெலின் பெயர்.

ஜன்னல் கண்ணாடியிலும் இதெல்லாம் நடக்கத்தான் செய்கிறது. உள்ளே நுழையும்போது திரும்பிய கதிர், வெளியேறும்போது அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. இரு பரப்புகளும் இணையாக இருப்பதால் கணக்கு நேராகிறது. வெளியே உள்ள மரம் மரமாகவே தெரிகிறது. லென்ஸில் இரு பரப்புகளும் இணையாக இருக்கும் இடம் நட்டநடுவில் மட்டும்தான். அங்கிருந்து ஓரத்தை நோக்கி நகர நகர, இரு பரப்புகளுக்கும் இடையிலான கோணம் கூடிக்கொண்டே போகிறது. நடுவில் விழும் கதிர் திரும்பாமல் போக, ஓரத்தில் விழுவது அதிகம் திரும்புகிறது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்கள் இதை பிரென்டிஸ் விதி என்ற பெயரில் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். நடுவிலிருந்து எத்தனை செ.மீ. தள்ளிக் கதிர் விழுகிறதோ, அதை லென்ஸின் பவரால் பெருக்க வேண்டும். கதிர் ஒரு மீட்டர் தூரம் போவதற்குள் அத்தனை செ.மீ. பக்கவாட்டில் விலகும்.

+2.00 லென்ஸை எடுத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 1 செ.மீ. தள்ளி விழும் கதிர், மீட்டருக்கு 2 செ.மீ. வீதம் நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறது. அது கடக்க வேண்டியது 1 செ.மீ. மட்டுமே. ஆகவே அரை மீட்டரில் நடுக்கோட்டைத் தொட்டுவிடும். 2 செ.மீ. தள்ளி விழும் கதிருக்கு இரட்டிப்புத் தூரம் கடக்க வேண்டும். திருப்பமும் இரட்டிப்பு, மீட்டருக்கு 4 செ.மீ. அதுவும் அதே அரை மீட்டரில் வந்து சேர்கிறது. எங்கே விழுந்தாலும் கதிர்கள் ஒரே புள்ளியில் கூடுவதற்குக் காரணம் இந்த விகிதம்தான். கோள வடிவில் தேய்க்கப்பட்ட பரப்பு இந்த விகிதத்தை ஏறக்குறைய சரியாகத் தருகிறது. அந்த ‘ஏறக்குறைய’ எங்கே இடறுகிறது என்பது பின்னால் வரும்.

இந்தக் கணக்கில் ஒரு நடைமுறைப் பாடமும் உண்டு. கண்ணாடி வாங்கும்போது இரு கண்மணிகளுக்கும் இடையிலான தூரத்தைக் கடைக்காரர் அளக்கிறார், ‘பி.டி.’ என்பது அதுதான். −6.00 பவர் உள்ளவருக்கு லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக அமையாமல் அரை செ.மீ. தள்ளிப்போனால், பார்வைக் கோடு மீட்டருக்கு 3 செ.மீ. விலகும். இரு கண்களிலும் விலகல் எதிரெதிர்ப் பக்கம் அமைந்தால், அதைச் சரிக்கட்டக் கண் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பவர் சரியாக இருந்தும் புதுக் கண்ணாடி தலைவலி தருகிறதென்றால், முதலில் சரிபார்க்க வேண்டியவற்றில் பி.டி.யும் ஒன்று. இணையத்தில் கண்ணாடி வாங்குவோர் இந்த அளவைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

குவியத்தூரத்தை அளத்தல்

பகலில், விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வெள்ளைத் தாளை ஒட்ட வேண்டும். பூதக்கண்ணாடியைத் தாளுக்கு அருகில் பிடித்து, மெல்ல ஜன்னல் பக்கம் நகர்த்த வேண்டும். முதலில் வெறும் வெளிச்சத் திட்டு தெரியும். சட்டென்று ஓரிடத்தில் அது படமாகும்: எதிர்வீட்டு மாடி, தண்ணீர்த் தொட்டி, தென்னை மரம் எல்லாம் தலைகீழாக, நிறத்தோடு, காற்றில் ஓலை ஆடுவது உட்பட. படம் மிகத் தெளிவாக இருக்கும் இடத்தில் கையை நிறுத்தி, லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே நாடாவை வைத்தால் குவியத்தூரம் கிடைத்துவிடும். 100-ஐ அந்த செ.மீ. அளவால் வகுத்தால் பவர். 20 செ.மீ. என்றால் +5.00.

பார்க்கும் பொருள் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். 20 செ.மீ. லென்ஸை வைத்து 6 மீட்டர் தள்ளி உள்ள கதவைப் படம்பிடித்தால் நாடா 20.7 காட்டும். 20 மீட்டர் தள்ளி உள்ள மரத்தைப் பிடித்தால் 20.2. மூக்குக்கண்ணாடி லென்ஸின் பவர் குறைவு என்பதால் குவியத்தூரம் நீளம். அதற்கு இன்னும் தொலைவான பொருள் தேவை. +1.00 போன்ற லென்ஸில் படம் மங்கலாகத்தான் விழும். அப்போது அதை ஏற்கெனவே அளந்த பூதக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, இரண்டையும் சேர்த்து அளக்கலாம். ஒட்டி நிற்கும் மெல்லிய லென்ஸ்களின் பவர்கள் நேராகக் கூடும். கூட்டுத் தொகை +6.00, பூதக்கண்ணாடி மட்டும் +5.00 என்றால் மிச்சம் +1.00.

படம் ஏன் தலைகீழ்? தென்னையின் உச்சியிலிருந்து புறப்பட்டு லென்ஸின் நடுவில் விழும் கதிர் திரும்பாமல் நேராகக் கீழிறங்கித் தாளின் அடிப்பகுதியைத் தொடுகிறது. உச்சியிலிருந்து வரும் மற்றக் கதிர்களும் லென்ஸின் எந்தப் பகுதியில் விழுந்தாலும் அதே இடத்தில் வந்து சேர்கின்றன. வேரிலிருந்து வருபவை மேலே சேர்கின்றன.

இதே நிலையில் இன்னொரு சோதனை. லென்ஸின் மேல் பாதியை அட்டையால் மறைத்தால் படத்தில் பாதி காணாமல் போகும் என்று பெரும்பாலானோர் எதிர்பார்ப்பார்கள். போகாது. தென்னை முழுதாகவே இருக்கும். வெளிச்சம் மட்டும் பாதியாகும். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் லென்ஸ் முழுவதும் சேர்ந்தே வரைகிறது.

வெயிலில் வேண்டாம் விளையாட்டு

குவியத்தூரம் காண வெயிலில் பிடித்துக் காகிதத்தை எரிப்பது பள்ளிக்கூடப் பழக்கம். தவிர்ப்பது நல்லது. சூரியனின் படம் ஒரு புள்ளி அல்ல, சிறிய வட்டம். அதன் விட்டம் குவியத்தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு. 10 செ.மீ. குவியத்தூரமும் 5 செ.மீ. அகலமும் உள்ள பூதக்கண்ணாடியில் விழும் வெயில் அத்தனையும் 0.93 மி.மீ. வட்டத்துக்குள் ஒடுங்குகிறது. கண்ணாடியில் ஏற்படும் சிறு இழப்பை விட்டுவிட்டால், அங்கே வெயில் சுமார் 2,900 மடங்கு செறிவு. அதே அகலமுள்ள +2.00 வெள்ளெழுத்துக் கண்ணாடியில் அது 115 மடங்குதான்.

எனவே வெயில் படும் ஜன்னல் திண்டில் பூதக்கண்ணாடியை வைக்கக் கூடாது. உருண்டையான கண்ணாடி மீன்தொட்டியும் லென்ஸ்தான்: 20 செ.மீ. விட்டமுள்ள தண்ணீர் உருண்டை, தன் பின்சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி வெயிலைக் குவிக்கும். திரைச்சீலை அங்கே தொங்கினால் ஆபத்து. லென்ஸ் வழியாகவோ தொலைநோக்கி வழியாகவோ சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது, ஒரு கணம்கூட. கொடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படமெடுத்து வருகிறது. அங்கும் லென்ஸ் தந்த பிம்பத்தைப் படத்தகட்டில் பதிந்துதான் ஆராய்ந்தார்கள். வீட்டில் பார்க்க விரும்புவோர் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று பார்க்கலாம்.

பிளஸா, மைனஸா, சிலிண்டரா?

பீரோவில் கிடக்கும் பழைய கண்ணாடிகள் யாருடையவை, எதற்கானவை என்று தெரியாமல் போவது வழக்கம். கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

1. கண்ணாடியைக் கழற்றி, கண்ணிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பிடித்து, லென்ஸ் வழியாகத் தொலைவில் உள்ள ஜன்னல் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

2. லென்ஸை இடமும் வலமும் அசைக்க வேண்டும். உள்ளே தெரியும் சட்டம் அசைவுக்கு எதிர்த்திசையில் ஓடினால் பிளஸ்; கூடவே ஓடினால் மைனஸ். பிளஸ் லென்ஸ் நடுவில் தடிமனாக இருக்கும் குவிலென்ஸ். மைனஸ் ஓரத்தில் தடிமனாக இருக்கும் குழிலென்ஸ். அது ஒளியைச் சேர்க்காமல் விரிக்கும்.

3. லென்ஸை வண்டிச் சக்கரம் போலச் சுழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே தெரியும் செங்குத்துக் கோடு, வெளியே தெரியும் கோட்டிலிருந்து முறிந்து சாய்ந்தால் அந்த லென்ஸில் சிலிண்டர் பவர் இருக்கிறது. ஒரு திசையில் ஒரு வளைவும் குறுக்கே இன்னொரு வளைவுமாகத் தேய்த்த லென்ஸ் அது.

மைனஸ் லென்ஸ் தாளில் படம் வரையாது என்பதால் ஜன்னல் சோதனைக்கு நேரடியாக ஒத்துவராது. +10.00 பூதக்கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் ஒத்துவரும். படம் 14.3 செ.மீ. தூரத்தில் தெளிந்தால் கூட்டுப் பவர் +7.00, ஆக மூக்குக்கண்ணாடி −3.00. இன்னொரு வழி, பவர் தெரிந்த பிளஸ் லென்ஸ்களை ஒவ்வொன்றாக அதன்மீது வைத்து அசைத்துப் பார்ப்பது. எந்த லென்ஸை வைத்தால் உள்ளே தெரியும் காட்சி அசையாமல் நிற்கிறதோ, அதன் பவரும் மூக்குக்கண்ணாடியின் பவரும் அளவில் சமமாகவும் குறியில் எதிராகவும் இருக்கின்றன. பவரை அளக்கும் லென்சோமீட்டர் கருவி பரவலாவதற்கு முன் கண்ணாடிக் கடைகளில் பவர் பார்த்த முறை இதுவே.

இந்த எண்கள் கண்ணைப் பற்றியும் பேசும். −2.50 கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் 40 செ.மீ. வரைதான் தெளிவு, அதற்கு அப்பால் மங்கல். ஆனால் 40 செ.மீ. என்பது புத்தகம் பிடிக்கும் தூரம். ஐம்பது வயதில் இவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாள் படிப்பது அதனால்தான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதோடு நெகிழ்ச்சி இழந்து, பவரைக் கூட்டிக்கொள்ள முடியாமல் போவதே வெள்ளெழுத்து. சீட்டில் ‘ஆட்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள எண், படிப்பதற்காகக் கூட்டித்தரும் பவர். −2.50 மீது ஆட் +2.00 என்றால் படிக்கும் பகுதியில் −0.50.

பூதக்கண்ணாடியில் இன்னொரு கணக்கு. அதில் ‘10 எக்ஸ்’ என்று எழுதியிருந்தால் குவியத்தூரம் 2.5 செ.மீ.; 25 செ.மீ.யைக் குவியத்தூரத்தால் வகுப்பது மரபு. வைரம் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் லூப் இத்தகையது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லை அதனிடம் கொண்டுவர வேண்டும். எட்டிப் பிடித்தால் காட்சிப் பரப்பு சுருங்கிவிடும். 17-ஆம் நூற்றாண்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக் இதே முறையைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். அவருடைய ஒற்றை லென்ஸ் நுண்ணோக்கிகளில் ஒன்று சுமார் 270 மடங்கு பெரிதாக்கியது. அதன் குவியத்தூரம் ஒரு மி.மீ.க்கும் குறைவு என்றாகிறது.

சோடாபுட்டியின் கணக்கு

குவியத்தூரத்தை முடிவுசெய்பவை இரண்டு: பரப்பின் வளைவு, பொருளின் ஒளிவிலகல் எண். இரு பக்கமும் ஒரே அளவு குவிந்த கண்ணாடி லென்ஸில், எண் 1.5 என்றால், குவியத்தூரமும் வளைவு ஆரமும் சமம். 10 செ.மீ. ஆரத்தில் தேய்த்தால் 10 செ.மீ. குவியத்தூரம். ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் குவியத்தூரம் இரட்டிப்பாகும்.

பவர் கூடினால் வளைவு கூடும்; வளைவு கூடினால் தடிமன் கூடும். −8.00 போட்டவரின் கண்ணாடியை ஊர் சோடாபுட்டி என்று கேலி செய்தது இதனால். மையத்தைவிட ஓரம் எவ்வளவு தடிக்கும் என்பது கணக்கில் வந்துவிடும். 1.5 எண் உள்ள பிளாஸ்டிக்கில், 5 செ.மீ. அகல வட்ட லென்ஸுக்கு 5 மி.மீ. கூடுதல். 1.67 எண் உள்ள விலையுயர்ந்த பொருளில் அது 3.7 மி.மீ.; 1.74-இல் 3.4 மி.மீ.

பணம் மிச்சமாகும் இடம் இதுதான். தடிமன், மையத்திலிருந்து ஓரத்துக்கு உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. பிரேமை 5 செ.மீ.யிலிருந்து 4 செ.மீ. அகலத்துக்குக் குறைத்தால், அதே சாதாரண பிளாஸ்டிக்கிலேயே கூடுதல் தடிமன் 3.2 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. பெரிய பிரேமில் 1.74 போடுவதைவிட, சிறிய வட்ட பிரேமில் சாதாரண லென்ஸ் மெல்லியதாக அமைகிறது. கண்மணி பிரேமின் நடுவில் விழும்படி அகலத்தைத் தேர்ந்தால் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்கும். கண்மணி மூக்குப் பக்கம் ஒதுங்கினால் காதுப்பக்க ஓரம் தடித்துவிடும்.

ஒளி பரப்பில் மட்டும்தான் திரும்புகிறது என்றால், நடுவில் இருக்கும் கண்ணாடி எதற்கு? பிரான்ஸின் ஒகஸ்டின் ஃபிரெனெல் பெரிய லென்ஸைப் பல வளையங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வளையத்திலும் சரிவை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை நீக்கும் வடிவத்தை உருவாக்கினார். 1823-இல் ஜிரோந்த் கழிமுகத்தில் உள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது பொருத்தப்பட்டது. ஸ்டேஷனரிக் கடைகளில் புத்தகப் பக்க அளவில் கிடைக்கும் பிளாஸ்டிக் தாள் பூதக்கண்ணாடி அதே வடிவம்தான். விரல் நகத்தால் வருடினால் வளைய வரிகள் தட்டுப்படும். படம் சற்று கலங்கலாகத் தெரிவது அந்த வரிகளின் விளிம்புகளால்.

தண்ணீருக்குள் லென்ஸ்

பூதக்கண்ணாடியை வாளித் தண்ணீருக்குள் முக்கி, அடியில் கிடக்கும் நாணயத்தைப் பார்த்தால் பெரிதாக்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். திருப்பம் எப்போதும் இரு ஊடகங்களின் வேறுபாட்டால் வருவது. 1.5-க்கும் 1-க்கும் இடையே இருந்த வேறுபாடு 1.5-க்கும் 1.33-க்கும் இடையே சுருங்கிவிடுகிறது. காற்றில் 10 செ.மீ. குவியத்தூரம் உள்ள கண்ணாடி லென்ஸுக்குத் தண்ணீரில் அது ஏறக்குறைய 39 செ.மீ.

கிணற்றில் முங்கிக் கண் திறந்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். மனிதக் கண்ணின் மொத்தப் பவர் சுமார் 60 டயாப்டர். அதில் 43 அளவுக்குத் தருவது உள்ளே இருக்கும் லென்ஸ் அல்ல, முன்னால் உள்ள கருவிழிப்படலம். காற்றும் ஈரமான வளைபரப்பும் சந்திக்கும் இடம் அதுதான். தண்ணீரில் அந்தச் சந்திப்பு காணாமல் போவதால் எல்லாம் மங்குகிறது. நீச்சல் கண்ணாடி செய்வது, கண்ணுக்கு முன்னால் மறுபடி கொஞ்சம் காற்றை வைப்பது மட்டுமே.

கண்புரை அறுவையில் வைக்கப்படும் செயற்கை லென்ஸ் இந்தக் கணக்கை நன்றாகக் காட்டும். சுமார் 6 மி.மீ. அகலமுள்ள அந்தத் துண்டின் பெட்டியில் +20.00 என்று எழுதியிருந்தால், அது கண்ணுக்குள் உள்ள திரவத்தில் அதற்குள்ள பவர். அக்ரிலிக்கின் எண் 1.49, திரவத்தினுடையது 1.336, வேறுபாடு குறைவு. அதே லென்ஸைக் காற்றில் அளந்தால் 60 டயாப்டரைத் தாண்டும்.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1949 நவம்பரில் ஹெரால்ட் ரிட்லி முதல் முறையாக இத்தகைய லென்ஸைப் பொருத்தினார். போர்விமானங்களின் அக்ரிலிக் மூடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் தங்கிய துண்டுகள் கண்ணைப் புண்ணாக்கவில்லை என்பதைக் கவனித்தே அவர் அந்தப் பொருளைத் தேர்ந்தார். பல ஆண்டுகள் இது வசதி படைத்தவர்களுக்கான சிகிச்சையாக இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தொடங்கிய அரோலேப், லென்ஸை உள்ளூரிலேயே தயாரித்து, இறக்குமதி விலையில் மிகச் சிறு பங்குக்குக் கொடுத்தபின் நிலைமை மாறியது.

விகிதம் இடறும் இடங்கள்

நடுவிலிருந்து விலகும் தூரத்துக்கேற்பத் திருப்பம் என்ற விகிதத்தைக் கோளப் பரப்பு ஓரத்தில் காப்பாற்றுவதில்லை. தேவைக்கு மேல் திருப்பிவிடுகிறது. ஓரக் கதிர்கள் குவியத்துக்கு முன்பே கூடிவிடுவதால் படத்தில் ஒரு மூட்டம் படிகிறது. சரிபார்க்க, ஜன்னல் சோதனையில் லென்ஸ்மீது நடுவில் ஒரு செ.மீ. துளை போட்ட அட்டையை வைத்தால் போதும்: படம் மங்கும், ஆனால் கோடுகள் கூர்மையாகும். கேமராக்காரர்கள் எஃப் எண்ணைக் கூட்டிப் படமெடுப்பதன் பயன்களில் இதுவும் ஒன்று. குவியத்தூரத்தை லென்ஸ் திறப்பின் விட்டத்தால் வகுத்து வருவது எஃப் எண், 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 25 மி.மீ. திறப்பு. எஃப் 2.8-இலிருந்து 5.6-க்குப் போனால் வெளிச்சம் கால் பங்காகும்.

ஒரு பக்கம் தட்டையான லென்ஸை வைத்துச் சிறு தொலைநோக்கி செய்பவர்கள், குவிந்த பக்கத்தை வானத்தை நோக்கி வைக்க வேண்டும். திருப்பம் இரு பரப்புகளுக்கும் பங்கிடப்படுவதால் மூட்டம் கணிசமாகக் குறையும். திருப்பி வைத்தால் அதே லென்ஸ் மோசமாகத் தெரியும்.

இரண்டாவது இடறல் நிறம். நீல ஒளி கண்ணாடியில் சிவப்பைவிடச் சற்று அதிகம் திரும்பும். சாதாரண கிரவுன் கண்ணாடியால் ஆன ஒரு மீட்டர் குவியத்தூர லென்ஸில் நீலமும் சிவப்பும் 16 மி.மீ. இடைவெளியில் குவிகின்றன. இதைத் தீர்க்க முடியாது என்று கருதிய நியூட்டன் 1668-இல் லென்ஸுக்குப் பதிலாகக் குழிந்த உலோக ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். முடியும் என்று பின்னால் தெரிந்தது: நிறத்தைக் குறைவாகச் சிதறடிக்கும் கிரவுன் கண்ணாடியில் வலுவான குவிலென்ஸும், அதிகம் சிதறடிக்கும் ஃபிளின்ட் கண்ணாடியில் பலவீனமான குழிலென்ஸும் சேர்த்தால், நிறச் சிதறல் அடிபட்டுப் பவர் மிஞ்சும். 1758-இல் லண்டனின் ஜான் டாலண்ட் இதற்குக் காப்புரிமை பெற்றார். நல்ல பைனாகுலரின் முன் லென்ஸ் இன்றும் இந்த இரட்டைதான்.

மூக்குக்கண்ணாடியிலும் இது தெரியும். லென்ஸின் ஓரம் வழியாக டியூப்லைட்டைப் பார்த்தால் விளிம்பில் நீலமும் ஆரஞ்சும் கசியும். நிறச் சிதறலைக் குறிக்கும் அபே எண் சாதாரண பிளாஸ்டிக்குக்குச் சுமார் 58, உடையாத பாலிகார்பனேட்டுக்குச் சுமார் 30. எண் குறையக் குறையக் கசிவு கூடும். குழந்தைகளுக்கும் பட்டறை வேலை செய்பவர்களுக்கும் பாலிகார்பனேட்டின் உறுதி முக்கியம். உயர் பவரோடு நாள் முழுக்கக் கணினி பார்ப்பவர் அபே எண்ணைக் கேட்டு வாங்குவது நல்லது.

பழைய லென்ஸ் வாங்கும்போது

கேமரா லென்ஸையோ பைனாகுலரையோ பழையதாக வாங்குபவர்கள் உள்ளே நாலைந்து தூசி தெரிந்தால் விலகிவிடுகிறார்கள். தேவையில்லை. அட்டையால் பாதி மறைத்தபோதும் தென்னை முழுதாக இருந்ததுபோலவே, ஒரு தூசி மறைக்கும் ஒளி படத்தின் எந்த ஒரு புள்ளியையும் அழிப்பதில்லை. ஒற்றைக் கீறலும் அப்படித்தான். வெயிலுக்கு எதிராகப் படமெடுக்கும்போது மட்டும் சிறிது ஒளிர்வு தரலாம்.

பார்க்க வேண்டியது வேறு. லென்ஸின் ஒரு முனையில் கைபேசி டார்ச்சைச் சாய்வாக அடித்து மறுமுனையிலிருந்து பார்க்க வேண்டும். சிலந்தி வலை போலக் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. மேற்பூச்சை அரித்திருக்கலாம், சுத்தம் செய்யும் செலவு லென்ஸ் விலையைத் தாண்டலாம். பரப்பு முழுவதும் மெல்லிய புகை படிந்தாற்போலிருந்தால் படத்தில் கறுப்பு கறுப்பாக வராது, எல்லாம் வெளிறும். இந்த இரண்டும் உள்ளதை மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடலாம்.

சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைப்பது அதற்கு உதவும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, நிறம் மாறும்போது ஜெல்லை மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறையாவது லென்ஸை எடுத்துப் பயன்படுத்த வேண்டும். துடைக்கும்போது முதலில் ஊதுகுழாயால் மணலை நீக்க வேண்டும், மூக்குக்கண்ணாடி என்றால் குழாய்த் தண்ணீரில் அலசலாம். பிறகுதான் மைக்ரோஃபைபர் துணி. சட்டை முனையும் புடவைத் தலைப்பும் மணலோடு சேர்த்துத் தேய்ப்பவை.